காலி நாற்காலியைத் தேடுங்கள்: அடுத்து எழப்போகும் என்.பி.ஏ. வீரரைக் கணிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கும். டிசம்பர் பிறப்பதற்குள், அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு பெயர் எல்லோர் வாயிலும் அடிபடும். "இவர் எங்கே ஒளிந்திருந்தார்?" என்று ஊரே வியக்கும்போது, "நான் ஆகஸ்டிலேயே எழுதி வைத்தேன்" என்று நோட்டைப் பிரித்துக் காட்டுவதில் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பந்தயத்தில் பணம் கட்டுவதற்காக யாரும் இதைப் படிக்க வேண்டாம். என் நோட்டில் தவறென்று அடித்த பெயர்களே அதிகம்.

இப்படித் திடீரென எழும் வீரருக்கென்றே ஒரு விருது இருக்கிறது, 'மிகவும் முன்னேறிய வீரர்' என்று. 1985-86 பருவத்தில் தொடங்கியது. முதலில் வாங்கியவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ஆல்வின் ராபர்ட்சன். விருதை யார் வாங்குவார் என்பதும் யார் எழுவார் என்பதும் ஒரே கேள்வி இல்லை. ஆனால் பழகுவதற்கு அந்த விருதுப் பட்டியலைப் போல வசதியான பாடப்புத்தகம் வேறில்லை. அதில் உள்ளவர்களை ஒவ்வொருவராக எடுத்து, "முந்தைய கோடையில் இவரைச் சுற்றி என்ன நடந்தது?" என்று பாருங்கள். நான் அப்படிப் பார்த்ததில் கிடைத்தது ஒன்றுதான்: பெரும்பாலானவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதற்கு முன்பே, அவர்களுக்கு முன்னால் இருந்த ஒரு நாற்காலி காலியாகியிருந்தது.

வீரரை விட்டுவிட்டு அணியைப் பாருங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, வீரர்களின் பெயர்ப்பட்டியலோடு உட்காருவது. நானூற்றைம்பது பேரை அலசி முடிக்க யாராலும் முடியாது. முப்பது அணிகளை அலசலாம்.

கணக்கு எளிது. ஓர் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக, ஓர் அணியிடம் ஓர் ஆட்டத்துக்கு 240 நிமிடங்கள் இருக்கின்றன. எந்தப் பயிற்சியாளராலும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 34 நிமிடம் ஆடிய ஒருவர் அணியை விட்டுப் போனால், அந்த 34 நிமிடம் யாரோ ஒருவர் மடியில் விழுந்தே ஆக வேண்டும்.

2015 கோடையில் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியைப் பாருங்கள். முதல் ஐவரில் நான்கு பேர் போய்விட்டார்கள். லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் சான் அன்டோனியோவுக்கு, வெஸ்லி மேத்யூஸ் டல்லாசுக்கு, ராபின் லோபஸ் நியூயார்க்குக்கு, நிகோலா பட்டூம் டிரேடில், அதாவது அணிகளுக்கிடையே நடக்கும் வீரர் பரிமாற்றத்தில், சார்லட்டுக்கு. எஞ்சியவர் டேமியன் லில்லார்ட் மட்டும். ஆட்டத்துக்குச் சுமார் 130 நிமிடங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. "இந்த அணி தீர்ந்தது" என்றுதான் பலரும் பேசினார்கள். ஆனால் பெஞ்சில் சி.ஜே. மெக்கோலம் என்றொரு கார்டு (கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்) உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்கு 15.7 நிமிடம், 6.8 புள்ளி. அடுத்த பருவத்தில் 34.8 நிமிடம், 20.8 புள்ளி. விருதும் அவருக்கே.

எனவே ஜூன் கடைசியில் டிராஃப்ட் (அணிகள் வரிசையாகப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முடிந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். அணிக்கு ஒரு பக்கம். போனவர்கள், வந்தவர்கள், நீண்ட காயத்தில் கிடப்பவர்கள் என மூன்று வரிகள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் சென்ற பருவம் ஆடிய நிமிடங்கள். ஜூலை நடுவில் பார்த்தால் எந்தப் பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்தப் பள்ளத்தை நிரப்பப் பெரிய சம்பளத்தில் ஒருவரை ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்பதையும் பாருங்கள். வாங்கியிருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். இந்த வேலை முடிந்தால் முப்பது அணிகள் ஏழெட்டாகச் சுருங்கிவிடும். மற்ற படிகளெல்லாம் சல்லடை மட்டுமே.

நிமிடம் வேறு, பந்து வேறு

சில நாற்காலிகள் நிமிடக் கணக்கில் தெரியாது. வீரர் ஏற்கெனவே முப்பது நிமிடம் ஆடிக்கொண்டுதான் இருப்பார், ஆனால் பந்து அவர் கைக்கு வராது.

இதற்கென்று 'பயன்பாட்டு விகிதம்' என்று ஓர் அளவு உண்டு. ஒருவர் களத்தில் இருக்கும்போது அணியின் தாக்குதல்களில் எத்தனை விழுக்காடு அவர் கையில் ஷாட்டாகவோ, ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவாகவோ, பந்தைப் பறிகொடுத்தோ முடிகிறது என்பதுதான் அது. ஐந்து பேர் என்பதால் சராசரி 20. 2016-17 பருவத்தில் ஓக்லஹோமா சிட்டியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் ஒருவரே சுமார் 42 விழுக்காட்டை எடுத்துக்கொண்டார். மிச்சம் 58, அதை நான்கு பேர் பங்குபோட வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் விக்டர் ஓலடிப்போ. பந்திக்கு வந்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று சொல்லலாம். 2017 கோடையில் இண்டியானாவுக்கு டிரேடில் போனார். 15.9 புள்ளி 23.1 ஆனது. உடலையும் அந்தக் கோடையில் நன்றாக இறுக்கிக்கொண்டு வந்தார், அதை மறுக்கவில்லை. ஆனாலும் பரிமாறும் கை மாறியதுதான் பெரிய மாற்றம்.

பின்லாந்துக்காரர் லௌரி மார்க்கனென் இதே கதையின் இன்னொரு வடிவம். ஏழடி உயரம். கிளீவ்லண்டில் ஜாரட் ஆலன், எவன் மோப்லி என்று இரண்டு நெட்டைகள் கூடைக்கடியில் நின்றதால், இவரை ஓரத்துக்குத் தள்ளி ஃபார்வர்டாக ஆட வைத்தார்கள். 30 நிமிடத்துக்கு மேல் ஆடியும் 14.8 புள்ளிதான். 2022 செப்டம்பரில் டோனவன் மிட்செலுக்கான டிரேடில் யூட்டாவுக்குப் போனார். யூட்டாவோ அந்தக் கோடையில் மிட்செலை மட்டுமல்ல, ரூடி கோபேரையும் போயான் போக்டானோவிச்சையும் அனுப்பிவிட்டிருந்தது. ஷாட் போட ஆளில்லாத வீடு. மார்க்கனெனின் நிமிடங்கள் மூன்று நான்குதான் கூடின. புள்ளிகள் 25.6 ஆகின.

இதனால் நோட்டில் நான்காவது வரி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: போனவர்கள் ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் போட்டார்கள்?

36 நிமிடக் கணக்கு

காலி நாற்காலி தெரிந்துவிட்டது. அதில் உட்காரப்போகிறவர் தாங்குவாரா? இங்கேதான் கால்குலேட்டர் தேவை. வீரரின் சராசரிப் புள்ளியை 36-ஆல் பெருக்கி, அவர் ஆடிய சராசரி நிமிடத்தால் வகுங்கள். முழுநேர ஆட்டக்காரராக இருந்திருந்தால் என்ன எடுத்திருப்பார் என்பதற்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிலடெல்பியாவின் டைரீஸ் மேக்ஸி. 2020 டிராஃப்டில் 21-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். முதல் பருவத்தில் 15.3 நிமிடம், 8.0 புள்ளி. யார் கண்ணிலும் படாத எண்கள். கணக்குப் போட்டால் 36 நிமிடத்துக்கு 18.8. அடுத்த ஆண்டு, முதல் ஐவரில் ஒருவரான பென் சிம்மன்ஸ் அணியோடு பிணக்கு கொண்டு ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. நாற்காலி காலி. மேக்ஸி 35.3 நிமிடம் ஆடி 17.5 புள்ளி எடுத்தார். அதையும் கணக்கிட்டுப் பாருங்கள், 36 நிமிடத்துக்கு 17.8. அதாவது ஊரே "அபார வளர்ச்சி" என்று கொண்டாடியபோது, நிமிடத்துக்கு அவர் எடுத்த புள்ளி கூடவே இல்லை, இம்மி குறைந்தது. எதிரணியின் முதல்தர ஆட்டக்காரர்களுக்கு எதிராக இருமடங்கு நேரம் ஆடியும் அந்த வேகத்தைத் தக்கவைத்தார் பாருங்கள், அதுதான் வளர்ச்சி.

இந்தக் கணக்கு ஏமாற்றவும் செய்யும். மொத்தம் இருநூறு நிமிடம்கூட ஆடாதவருக்குப் போட்டால் குப்பைதான் வரும். ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு கடைசி ஐந்து நிமிடத்தில் இறக்கப்படுபவர்கள் எதிரணியின் கடைக்கோடி ஆட்களோடு ஆடி எண்ணைக் குவிப்பார்கள். இன்னொரு வகை, பத்து நிமிடத்தில் நான்கு ஃபவுல் வாங்கும், கூடைக்கடியில் ஆடும் இளம் சென்டர்கள். 36 நிமிடக் கணக்கில் அவர் ராட்சதர், ஆனால் 36 நிமிடம் களத்தில் நிற்க நடுவர் விடமாட்டார். அதனால் புள்ளிக்குப் போட்ட அதே கணக்கை ஃபவுலுக்கும் போடுங்கள். ஆறு ஃபவுலில் வெளியேற வேண்டிய விளையாட்டில் 36 நிமிடத்துக்கு ஐந்தரை வருகிறது என்றால் அவரை இன்னும் ஓராண்டு காத்திருக்க விடுங்கள்.

நட்சத்திரம் வராத நாள்

பருவச் சராசரி ஒரு மூடி போட்ட பாத்திரம். உள்ளே இருப்பது தெரிய வேண்டுமானால், அணியின் பெரிய ஆள் ஆடாத ஆட்டங்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் படிகளிலும் அலுப்பானது இதுதான். என் அனுபவத்தில் அதிகம் பலித்ததும் இதுதான்.

மெக்கோலமின் 6.8 என்ற சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. 2015 மார்ச்சில் மேத்யூசின் குதிகால் தசைநார் கிழிந்தது. நிமிடங்கள் மெக்கோலமுக்கு வந்தன. அந்த ஏப்ரலில் மெம்பிசுக்கு எதிரான பிளேஆஃப் (பருவ முடிவில் வரும் வெளியேற்றுச் சுற்று) தொடரின் கடைசி ஆட்டத்தில் 33 புள்ளி எடுத்தார். அணி தோற்று வெளியேறியதால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மேக்ஸிக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2021 ஜனவரி 9, டென்வருக்கு எதிராக. கொரோனா விதிகளாலும் காயங்களாலும் பிலடெல்பியாவிடம் ஆடத்தக்கவர்கள் ஏழு பேர்தான் இருந்தார்கள். முதன்முறையாக முதல் ஐவரில் இறங்கிய மேக்ஸி 39 புள்ளி எடுத்தார்.

ஜேலன் பிரன்சன் கதை இன்னும் வெளிப்படை. 2022 பிளேஆஃபில் அவருடைய டல்லாஸ் அணியின் நட்சத்திரம் லூகா டான்சிச்சுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு, முதல் மூன்று ஆட்டத்துக்கு வரவில்லை. பிரன்சன் யூட்டாவுக்கு எதிராக 24, 41, 31 என்று எடுத்தார். டல்லாஸ் அவற்றில் இரண்டை வென்றது. சில மாதங்களில் நியூயார்க் நிக்ஸ் அவரை நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டபோது, 'இரண்டாம் சுற்றில் 33-ஆவதாக எடுக்கப்பட்ட குள்ளமான கார்டுக்கு இவ்வளவா?' என்று முனகியவர்கள் அந்த மூன்று ஆட்டங்களையும் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். முதல் பருவத்திலேயே சராசரி 24.0.

ஒவ்வொரு வீரருக்கும் இருக்கும் ஆட்டவாரிப் பதிவைத் திறந்து, 30 நிமிடத்துக்கு மேல் ஆடிய ஆட்டங்களை மட்டும் வடிகட்டுங்கள். பத்து ஆட்டம் தேறினால் போதும். முடிந்தால் அவற்றில் இரண்டையாவது முழுதாகப் பாருங்கள். நம் ஊரில் ஆட்டங்கள் விடியற்காலையில் வருவதால் நேரலையைத் தவறவிட்டிருப்பீர்கள், பதிவு போதும். பந்து தானாக வந்து சேர்ந்து புள்ளி எடுத்தாரா, எதிராளியைத் தாண்டித் தானே உருவாக்கினாரா என்பது எண்ணில் தெரியாது, கண்ணுக்குத் தெரியும்.

வயதும் ஒப்பந்தமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களின் தொடக்க ஒப்பந்தம் நான்கு ஆண்டு. பாய்ச்சல் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் ஆண்டில், 22-இலிருந்து 25 வயதுக்குள் வருகிறது. மெக்கோலமும் பாஸ்கல் சியாகமும் மூன்றாம் பருவம், யானிஸ் ஆண்டெடகும்போவும் ஜிம்மி பட்லரும் நான்காம் பருவம். மார்க்கனென் ஆறாவது பருவத்தில் எழுந்தார் என்பதால் கதவைச் சாத்திவிட வேண்டாம். ஆனால் 29 வயதில் ஒருவர் பூப்பார் என்று எழுதுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

ஃப்ரீ த்ரோ என்னும் நாடி

தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளி எறிதலின் விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு குதிக்கும், விழும். ஃப்ரீ த்ரோ அப்படி ஆடாது. யாரும் தடுக்காமல், ஒரே தூரத்திலிருந்து, நின்று எறிவது என்பதால் கையின் உண்மையான தரத்தை அது காட்டிவிடும். மேக்ஸி முதல் பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் 30.1 விழுக்காடு மட்டுமே. கல்லூரியிலும் அதே கதை, டிராஃப்டில் கீழே சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஃப்ரீ த்ரோ 87.1. கை நல்ல கை, தூரத்துக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் மூன்று புள்ளி 42.7 விழுக்காடானது.

டொரான்டோவின் சியாகம் இந்த விதிக்குள் அடங்கமாட்டார். 2017-18-இல் மூன்று புள்ளி 22, ஃப்ரீ த்ரோ 62. இரண்டுமே மோசம். அடுத்த ஆண்டு 36.9, 78.5 என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து விருதும் வாங்கினார். உழைப்பை எந்த நாடியும் முன்கூட்டிச் சொல்லாது. அவர் விஷயத்திலும் நாற்காலி மட்டும் தெரிந்தே இருந்தது. பயிற்சியாளர் மாறியிருந்தார், புதிதாக வந்த கவை லெனர்ட் ஓய்வுக்காகவும் காயத்துக்காகவும் 22 ஆட்டங்களைத் தவறவிட்டார்.

கோடைச் சத்தம்

ஜூலையில் லாஸ் வேகாஸில் இளம் வீரர்களுக்கான சம்மர் லீக் நடக்கும். யாரோ ஒருவர் அங்கே 30, 35 என்று எடுப்பார். மனத்தை அடக்கிக்கொள்ளுங்கள். 2012 சம்மர் லீக்கில் சிறந்த வீரர் விருதை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் லில்லார்ட், அந்தப் பருவத்திலேயே சிறந்த புதுமுகம் ஆனார். இன்னொருவர் ஜோஷ் செல்பி, அந்தப் பருவத்தோடு என்.பி.ஏ.விலேயே இல்லாமல் போனார். ஒரே மேடை, ஒரே கோப்பை.

நாட்டுக்காக ஆடும் போட்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். எதிரே நிற்பவர்கள் வளர்ந்த ஆண்கள், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். மார்க்கனென் யூட்டாவுக்கு மாறிய அதே செப்டம்பரில், ஐரோப்பியக் கோப்பையில் குரோவேஷியாவுக்கு எதிராக 43 புள்ளி எடுத்தார். அணியின் முழுச் சுமையும் அவர் தோளில் இருந்தால் என்ன செய்வார் என்பதற்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது.

"ஏழு கிலோ தசை ஏற்றியிருக்கிறார்" போன்ற செப்டம்பர்ச் செய்திகளை நான் படிப்பதையே விட்டுவிட்டேன்.

நாற்காலி உடையும் இடம்

காலி இடம் இருந்தால் போதும் என்று நினைத்து நானே விழுந்த குழி ஒன்று உண்டு. 2023 கோடையில் ஜோர்டன் பூல் கோல்டன் ஸ்டேட்டிலிருந்து வாஷிங்டனுக்குப் போனார். கோல்டன் ஸ்டேட்டில் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து வந்தும் 20.4 புள்ளி எடுத்தவர், இங்கே அணியே அவருடையது, 25 நிச்சயம் என்று நோட்டில் அழுத்தி எழுதினேன், அடிக்கோடும் போட்டேன். 17.4 எடுத்தார். நடுவில் முதல் ஐவரிலிருந்தும் இறக்கப்பட்டார். கோல்டன் ஸ்டேட்டின் நட்சத்திரம் ஸ்டெபன் கரி களத்தில் இருந்தால் இரண்டு பேர் அவரை விட்டு நகரமாட்டார்கள், அந்த இடைவெளியில்தான் பூல் புகுந்துகொண்டிருந்தார். வாஷிங்டனில் அந்த இரண்டு பேரும் பூல் முன்னால் வந்து நின்றார்கள். ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: இவர் இதுவரை எடுத்த புள்ளிகளில் எத்தனை, பக்கத்தில் நின்ற பெரிய ஆளின் நிழலில் விளைந்தவை?

இதற்கு நேர்மாறான குழியும் இருக்கிறது. பிலடெல்பியா 2013-14-இல் 82 ஆட்டத்தில் 19 மட்டுமே வென்றது. லீக்கிலேயே மிக வேகமாக ஆடிய அணியும் அதுதான். வேகம் கூடினால் தாக்குதல் கூடும், எல்லோருடைய எண்ணும் வீங்கும். அங்கே மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 16.7 புள்ளி எடுத்துச் சிறந்த புதுமுகம் ஆனார். ஷாட் விழுக்காடு 40 அளவில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பருவத்திலும் அவர் அந்த 16.7-ஐத் தொடவில்லை. தோற்கிற அணியின் எண்களை நூறு தாக்குதலுக்கு எத்தனை என்று மாற்றிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

எழுதி மூடுங்கள்

பருவம் தொடங்கும் முந்தைய நாள், மூன்று பெயர்களுக்கு மேல் எழுதக் கூடாது. இருபது பெயர் எழுதினால் ஒன்று பலிக்கத்தான் செய்யும், அதைக் கணிப்பு என்று சொல்லக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வாக்கியத்தில் காரணம், ஓர் எண், எது நடந்தால் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற நிபந்தனை. 2021 அக்டோபரில் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: 'மேக்ஸி. சிம்மன்ஸ் வரமாட்டார், 30 நிமிடம் காலி. 36 நிமிடத்துக்கு 18.8, ஃப்ரீ த்ரோ 87. 15 புள்ளியைத் தாண்டுவார். சிம்மன்ஸ் திரும்பி வந்தால் அடித்துவிடு.' பிறகு கிறிஸ்துமஸ் வரை நோட்டைத் திறக்காதீர்கள். முதல் பத்து ஆட்டங்கள் எல்லோரையும் மேதையாகவும் முட்டாளாகவும் மாறி மாறிக் காட்டும்.

ஜெரமி லின் மாதிரி ஆட்களை எந்த நோட்டும் பிடிக்காது. 2011 டிசம்பரில் மட்டும் இரண்டு அணிகள் அவரை விடுவித்தன. 2012 பிப்ரவரி 4 அன்று நியூயார்க்குக்காக 25 புள்ளி எடுத்தார், ஆறு நாள் கழித்து லேக்கர்ஸுக்கு எதிராக 38. ஆனால் நிக்ஸிடம் ஆட்டத்தை நடத்த நிலையான ஒரு பாயிண்ட் கார்டு இல்லை என்பது ஜனவரியிலேயே ஊரறிந்த செய்தி. நாற்காலி தெரிந்தது, ஆள்தான் தெரியவில்லை.

எனக்கு அப்படித் தவறியது 2024-இல். நியூ ஆர்லியன்ஸில் மெக்கோலமும் பிராண்டன் இங்ரமும் முன்னால் நின்றதால் 22 நிமிடமே ஆடிவந்த டைசன் டேனியல்ஸ் என்ற ஆஸ்திரேலியர், டிஜௌன்டே மர்ரேவுக்கான டிரேடில் அட்லாண்டாவுக்கு வந்தார். வழியை அடைத்து நின்ற இருவருமே ஒரு காலத்தில் இந்த விருதை வாங்கியவர்கள் என்பது தனி வேடிக்கை. அட்லாண்டா பக்கத்தில் 'மர்ரேவின் நாற்காலி' என்று சரியாகவே குறித்திருந்தேன். புள்ளிக்கு மட்டும் 36 நிமிடக் கணக்குப் போட்டேன், 9.4 வந்தது, விட்டுவிட்டேன். பந்தைத் தட்டிப் பறிப்பதற்கு அதே கணக்கைப் போட்டிருந்தால் 2.3 வந்திருக்கும், அது லீக்கின் உச்சிக்கு அருகில் உள்ள எண். டேனியல்ஸ் அந்தப் பருவத்தில் 229 முறை பந்தைப் பறித்தார், ஆட்டத்துக்கு மூன்று. 1990-91-க்குப் பிறகு அந்தச் சராசரியை எட்டியவர் யாருமில்லை. அப்போது எட்டியவர் ஆல்வின் ராபர்ட்சன், இந்த விருதை முதன்முதலில் வாங்கிய அதே ஆள். என் நோட்டில் அந்த நாற்காலிக்கு நேரே இருப்பது அவ்வாண்டு டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட சக்கரி ரிசாஷேயின் பெயர். அடிக்காமல் அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் அரை மதிப்பெண் போட்டிருக்கிறேன்.